சாமி அலமாரிக்குக் கிழக்கு எது?

*சனி, காலை*

*முருகேசன் சித்தப்பா 10:12*
தேன்மொழி, போனில் திசைகாட்டி கெட்டுப்போகுமா? சாமி அலமாரி மாட்ட ஆள் வந்து நிற்கிறார். நேற்றைக்கும் இன்றைக்கும் கிழக்கு முப்பது டிகிரி மாறிவிட்டது.

*செல்வி அத்தை 10:14*
அம்மா கேட்கிறார்கள், சூரியன் வரும் பக்கம் தெரிய போன் எதற்கு என்று 😄

*தேன்மொழி 10:15*
சித்தப்பா, கரண்ட் இருக்கிறதா?

*முருகேசன் சித்தப்பா 10:16*
இல்லை, ஷட்டவுன். இன்வெர்ட்டர்தான் ஓடுகிறது. சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிறது.
📷 படம்

*தேன்மொழி 10:21*
பிடித்துவிட்டேன். இன்வெர்ட்டர் பேட்டரியின் சிவப்பு ஒயர் சுவரை ஒட்டி நேராக மேலே போகிறது. மின்சாரம் ஓடும் கம்பியைச் சுற்றி வட்ட வட்டமாகக் காந்தப்புலம் இருக்கும். வலது கைக் கட்டைவிரலை மின்னோட்டத் திசையில் நீட்டினால் மற்ற விரல்கள் மடங்கும் பக்கம் அது சுற்றும். செங்கல் சுவர் அதைத் தடுக்காது.

*தேன்மொழி 10:24*
ஃபேன், லைட், டிவி எல்லாம் சேர்ந்து 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 24 ஆம்பியர் இழுக்கிறது என்று வையுங்கள். 15 செ.மீ. தூரத்தில் 32 மைக்ரோ டெஸ்லா (காந்தப்புலத்தை அளக்கும் அலகு) வரும். நம் ஊரில் பூமியின் காந்தமே சுமார் 40தான். பாவம், முள் யார் பேச்சைக் கேட்கும்?

*பிரபு 10:26*
அக்கா, சுவிட்ச் போர்டு ஒயரிடம் வைத்தபோது ஒன்றும் ஆகவில்லையே?

*தேன்மொழி 10:29*
அது ஏசி, அதாவது மாறுமின்னோட்டம். நொடிக்கு 100 முறை திசை மாறும், முள் எந்தப் பக்கம் என்று திரும்புவதற்குள் அடுத்தது வந்துவிடும். அதோடு பேஸும் நியூட்ரலும் ஒரே பைப்பில் எதிரெதிராகப் போவதால் ஒன்றை ஒன்று கழித்துக்கொள்ளும். உங்கள் வீட்டில் பேட்டரிக்கு மின்னோட்டம் திரும்பும் கறுப்பு ஒயரை அரை மீட்டர் தள்ளி விட்டிருக்கிறார்கள். மாட்டியவர் யாரப்பா 🙄

*தேன்மொழி 10:30*
1820இல் கோபன்ஹேகனில் ஆர்ஸ்டெட் என்ற விஞ்ஞானி கண்டதும் இதையேதான். பேட்டரிக் கம்பிக்குப் பக்கத்தில் இருந்த முள் அசைந்தது.

*முருகேசன் சித்தப்பா 10:33*
அவருக்கும் அலமாரி மாட்ட ஆள் காத்திருந்தாரா? இப்போது நான் என்ன செய்ய?

*தேன்மொழி 10:34*
சுவரை விட்டுத் தள்ளி வந்து பாருங்கள். தூரம் இரண்டு மடங்கானால் அந்த ஒயரின் புலம் பாதியாகும்.

*முருகேசன் சித்தப்பா 10:37*
ஹால் நடுவில் சரியாகக் காட்டுகிறது!!

*தேன்மொழி 10:38*
பிரபு, சாயங்காலம் கரண்ட் வந்ததும் அலமாரிப் பக்கம் வைத்துப் பார். சார்ஜ் ஏறும்போது மின்னோட்டம் தலைகீழ், முள் மறுபக்கம் சாய வேண்டும்.

*பிரபு 5:52*
சாய்ந்தது அக்கா! ஆனால் கொஞ்சம்தான்.

*தேன்மொழி 5:53*
சார்ஜ் ஆம்பியர் குறைவு, அதான். எலக்ட்ரீஷியன் வந்தால் இரண்டு ஒயரையும் சேர்த்துக் கட்டச் சொல்லுங்கள், நீங்கள் கை வைக்க வேண்டாம்.

*செல்வி அத்தை 5:58*
அம்மா காலையிலேயே வெயில் பார்த்து ஆணி அடிக்க வைத்துவிட்டார்கள். விளக்கும் ஏற்றியாயிற்று 🪔