அப்பாவுக்குப் பாலிசிஸ்டிக் கிட்னி, 24 வயது மகனுக்கு ஸ்கேனில் 2 நீர்க்கட்டி: நோய் உண்டா, இல்லையா?

கேள்வி:
அப்பாவுக்கு ஏடிபிகேடி (கிட்னியில் நீர்க்கட்டிகள் பெருகும், பரம்பரையாக வரும் பாலிசிஸ்டிக் கிட்னி நோய்) உறுதியாகியிருக்கிறது. மகனுக்கு வயது 24. அல்ட்ராசவுண்டில் இடது கிட்னியில் 2 நீர்க்கட்டி, வலதில் எதுவும் இல்லை. கிரியேட்டினின் (கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்த அளவு) 0.9. ரிப்போர்ட்டில் "சாதாரணக் கட்டிகள்" என்று முடித்திருக்கிறார்கள். அப்படியே விட்டுவிடலாமா?

பதில் 1:
விடக்கூடாது. முதலில் கிரியேட்டினினை ஒதுக்கி வையுங்கள். கட்டிகள் பெருகி கிட்னி வீங்கிக்கொண்டே போனாலும், மிச்சமிருக்கும் திசு ஈடுகட்டுவதால் அது பல வருடம் நார்மலாகவே இருக்கும். பி.பி. அதற்கு முன்பே ஏறலாம், அதைப் பாருங்கள்.

பெற்றோரில் ஒருவருக்கு நோய் இருந்தால் பிள்ளைக்கு வர 50% வாய்ப்பு. அப்படிப்பட்டவருக்கு அல்ட்ராசவுண்ட் அளவுகோல் வயதைப் பொறுத்தது. 15–39 வயதில் இரண்டு கிட்னியும் சேர்த்து 3 கட்டி இருந்தால் உறுதி. 40–59 என்றால் ஒவ்வொரு கிட்னியிலும் 2, அறுபதுக்கு மேல் ஒவ்வொன்றிலும் 4. வயது ஏற ஏற நோயில்லாதவருக்கும் சாதாரணக் கட்டி வரும் என்பதால்தான் எண்ணிக்கை கூடுகிறது. 30 வயதுக்குள் சாதாரணக் கட்டி அபூர்வம். அதனால் 24 வயதில் 2 கட்டி என்பது நோயை உறுதியும் செய்யாது, இல்லை என்றும் சொல்லாது. நாற்பதைத் தாண்டியவருக்கு இரண்டுக்குக் குறைவாக இருந்தால்தான் அல்ட்ராசவுண்டை வைத்து 'இல்லை' எனலாம்.

அடுத்தது எம்ஆர்ஐ. 16–40 வயதில் மொத்தம் பத்துக்கு மேல் என்றால் நோய் உண்டு, ஐந்துக்குக் குறைவு என்றால் இல்லை. அல்ட்ராசவுண்டுக்குத் தப்பும் சில மில்லிமீட்டர் கட்டிகளும் இதில் தெரியும். ஆகவே எம்ஆர்ஐ எண்ணிக்கையை அல்ட்ராசவுண்ட் அளவுகோலில் போட்டுப் பார்க்காதீர்கள். இந்தத் தப்பு அடிக்கடி நடக்கிறது.

பதில் 2:
ரிப்போர்ட்டையும் திருத்தி வாங்குங்கள். ஒவ்வொரு கிட்னியின் நீளம், கட்டிகளின் எண்ணிக்கை, பெரிய கட்டியின் அளவு, ஈரலில் கட்டி உண்டா என்பதெல்லாம் இருக்க வேண்டும். "பல கட்டிகள்" என்று மட்டும் எழுதினால் எந்த அளவுகோலிலும் பொருத்த முடியாது. சிறுநீர் தேங்கி விரிந்த பகுதியைக் கட்டி என்று எண்ணிவிடுவதும் உண்டு.

கேள்வி கேட்டவர்:
அப்பா டயாலிசிஸில் இருக்கிறார். மகன் கிட்னி தரத் தயார். எம்ஆர்ஐயில் ஐந்துக்குக் குறைவாக வந்தால் போதுமா?

பதில் 3:
தானம் என்றால் ஜீன் டெஸ்ட்டையும் சேருங்கள். ரத்தம் முதலில் அப்பாவிடமிருந்து எடுக்க வேண்டும், மகனிடமிருந்து அல்ல. நோய்க்குக் காரணமான அப்பாவின் ஜீன் பிறழ்வு (ஜீனில் உள்ள மாற்றம்) எது என்று தெரிந்தால், மகனிடம் அந்த ஒன்றை மட்டும் தேடினால் போதும். அங்கே இல்லை என்றால் அந்த 'இல்லை'யை நம்பலாம். அப்பாவிடமே எதுவும் அகப்படவில்லை என்றால் மகனின் நெகட்டிவுக்கு மதிப்பே கிடையாது.

லேபிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: இந்த நோய்க்குக் காரணமாகும் பிகேடி1 ஜீனின் 1 முதல் 33 வரையிலான எக்ஸான்களை (ஜீனின் துண்டுகளை) எப்படிப் படிக்கிறீர்கள்? 16-ஆம் குரோமோசோமிலேயே அந்தப் பகுதிக்கு 6 போலி நகல்கள் இருக்கின்றன, வரிக்கு வரி கிட்டத்தட்ட அதே. எல்லா ஜீன்களின் எக்ஸான்களையும் ஒன்றாகப் படிக்கும் சாதாரண எக்ஸோம் டெஸ்ட் அசலையும் நகலையும் குழப்பிக்கொள்ளும், பிறழ்வு நழுவிவிடும். லாங்-ரேஞ்ச் பிசிஆர் மாதிரி அசலை மட்டும் பிரித்தெடுக்கும் முறை வேண்டும். இந்த நோய்க்குக் காரணமாகும் இன்னொரு ஜீனான, 4-ஆம் குரோமோசோமில் உள்ள பிகேடி2-க்கு இந்தத் தலைவலி இல்லை. ஆனால் பிகேடி2 குடும்பங்களில் கட்டிகள் தாமதமாக வருவதால், இளவயது ஸ்கேன் அங்கேதான் அதிகம் ஏமாற்றும்.

"அர்த்தம் உறுதியாகாத பிறழ்வு" என்று ரிப்போர்ட் வந்தால் அதை வைத்து மகனைத் தேர்வு செய்யவும் கூடாது, ஒதுக்கவும் கூடாது. குடும்பத்தில் நோயுள்ள வேறொருவரிடமும் அதே பிறழ்வு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.