திரிசங்கில் நாலு பேர்: மேசையில் எடுபடும் சந்திப்புகள்

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்பது மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு கதாபாத்திரமாகப் பேசியும் பகடை உருட்டியும் ஆடும் கதை விளையாட்டு. அதன் ஐந்தாம் பதிப்பின் 2014 விதிகளை வைத்து எழுதுகிறேன். கதாபாத்திரங்கள் எதிர்கொள்ளும் சண்டை, புதிர் போன்ற ஒரு காட்சியைக் குறிக்கும் ‘என்கவுன்ட்டர்’ என்ற சொல் தமிழில் வேறு தொழிலுக்குப் போய்விட்டதால் ‘சந்திப்பு’ என்றே இருக்கட்டும்.

முதலில், கதாபாத்திரங்கள் நாலு பேரையும் உலகங்களுக்கு நடுவில் மாட்டவைப்பது. டிஎம் (டன்ஜன் மாஸ்டர், கதையை நடத்துகிறவர்) ஒரு சூறாவளியையோ சாபத்தையோ இறக்கினால் ஆடுபவர்களுக்கு அது தண்டனையாகத் தெரியும். “நாங்க என்ன தப்பு செஞ்சோம்?” என்று கேட்பார்கள், நியாயமான கேள்வி. அவர்கள் கையாலேயே வாசல் திறக்க வேண்டும். விதிப்புத்தகத்தில் வழி தயாராக இருக்கிறது. பேக் ஆஃப் ஹோல்டிங் என்ற மாயப்பைக்குள் போர்ட்டபிள் ஹோல் என்ற மடிப்புக்குழியை வைத்தால் இரண்டும் அழியும், அந்த இடத்தில் உலகங்களுக்கு நடுவே இருக்கும் ஆஸ்ட்ரல் வெளிக்கு வாசல் திறக்கும், 10 அடிக்குள் இருக்கும் எல்லாரையும் உறிஞ்சிக்கொண்டு மூடிவிடும். ஒருவழி வாசல். மறுபடி திறக்காது.

இதில் டிஎம்முக்குச் சாதகமான விஷயம், அந்தக் குழி மடித்த நிலையில் கைக்குட்டை அளவுக் கறுப்புத் துணிதான். பட்டு மாதிரி மெத்தென்று இருக்கும். விரித்தால் 6 அடி விட்டம், 10 அடி ஆழம். பையை முதல் அரைமணி நேரத்திலேயே கொடுத்துவிடுங்கள். கிடைத்ததையெல்லாம் அதற்குள் போடும் பழக்கம் தானாக வரும். பிறகு கைக்குட்டையைக் கண்ணில் காட்டுங்கள். குறிப்பே இல்லாமல் செய்தால் ஏமாற்று வேலை. மூன்று குறிப்பாவது வேண்டும். துணி அருகில் வரும்போது பையின் வாய் சுருங்குகிறது, தையல் ஒன்று தெறிக்கிறது, உள்ளே இருக்கும் நாணயங்கள் ஒரு பக்கமாக ஒதுங்குகின்றன. மூன்றையும் கேட்டுவிட்டுத் திணிக்கிறவர்களை யாராலும் காப்பாற்ற முடியாது.

கெட்டுப்போகும் இடம் அந்த 10 அடி. ஒருவர் மட்டும் 15 அடி தள்ளிக் கதவோரம் காவல் நிற்பார். அவர் இந்த உலகத்திலேயே தங்கிவிட, மீதி இரவு முழுக்க அவருக்கு வேலை இல்லை. ஆகவே துணி கிடைக்கும் இடம் குறுகலாக இருக்கட்டும்: சின்னப் படகு, கிணற்று மேடை, பத்துக்குப் பத்து நிலவறை.

* * *

அந்தப் பக்கம் போனபின் நடப்பதைப் பற்றிக் கொஞ்சம். ஆஸ்ட்ரல் வெளியில் பசி, தாகம், முதுமை கிடையாது. “மூன்று நாள் சாப்பாடுதான் மிச்சம்” என்ற வழக்கமான நெருக்கடி அங்கே செல்லாது. புதிய டிஎம்கள் இதைக் கவனிக்காமல் உணவுக் கணக்கைப் பிடித்துக்கொண்டு திணறுவார்கள்.

அதற்குப் பதில் வேகத்தைப் பயன்படுத்துங்கள். அங்கே நினைப்பால்தான் நகர முடியும். சண்டையில் நடைவேகம் என்பது இன்டெலிஜென்ஸ் எண்ணின் (கதாபாத்திரத்தின் அறிவை அளக்கும் எண்) மூன்று மடங்கு அடி. 18 வைத்திருக்கும் விசார்ட் என்ற மந்திரவாதி 54 அடி பறப்பார். 8 வைத்திருக்கும் பார்பேரியன் என்ற முரட்டு வீரர், வழக்கமாக எல்லாருக்கும் முன்னால் ஓடுகிறவர், 24 அடி ஊர்வார். நோஞ்சான் மந்திரவாதி முன்னால் போக, 50 அடிக் கயிற்றின் மறுமுனையில் கோடரியோடு மிதந்து வரும் மாமிச மலை: துரத்தல் சந்திப்புக்கு இதைவிட நல்ல படம் வேண்டுமா? ஆனால் ஒரு சந்திப்போடு போதும். இரண்டாவது முறையும் பார்பேரியனை இழுத்துக்கொண்டே போனால், அவரை ஆடுபவர் போனை எடுத்துவிடுவார்.

ஓய்வுதான் பெரிய ஓட்டை. உடல்நலத்தையும் மந்திரங்களையும் மீட்டுத் தரும் முழு ஓய்வு 8 மணி நேரம். 24 மணி நேரத்தில் ஒரு தடவைதான் பலன் தரும். பகலும் இரவும் இல்லாத இடத்தில் இதை யார் எண்ணுவது? எண்ணாவிட்டால் ஒவ்வொரு சண்டை முடிந்ததும் படுத்துவிடுவார்கள். ஒரு தாளில் வட்டம் போட்டு 6 துண்டாகப் பிரித்து எல்லாருக்கும் தெரியும்படி மேசை நடுவில் வையுங்கள். ஓய்வு எடுத்தால் ஒரு துண்டு கறுப்பாகும், சத்தமான மந்திரத்துக்கு ஒன்று, கூட்டாகத் தோற்றால் ஒன்று. ஆறும் நிரம்பினால், வீடு திரும்ப அவர்கள் தேடிக்கொண்டிருக்கும் வேறொரு வாசல் வேறெங்கோ மிதந்துபோய்விடும். மூன்று, நாலு மணி நேர ஆட்டத்துக்கு 6 சரியாக வரும். 4 போட்டால் இடைவேளைக்குள் முடிந்துவிடும். 8 போட்டால் யாரும் அந்தத் தாளைத் திரும்பிப் பார்ப்பதில்லை.

* * *

சுங்கச்சாவடி சந்திப்பு. சண்டை கிடையாது, 40 நிமிடம் ஓடும், தமிழில் ஆடினால்தான் முழு ருசி.

நடுவெளியில் ஒரு மேசை, ஒரு பேரேடு, ஒரு கணக்கர். பொன் வாங்கமாட்டார். ஆளுக்கொரு சின்னப் பொருள் கேட்பார். ஆறு சீட்டு எழுதிக் குலுக்கிப் போடுங்கள்: உன் குறட்டை, உன் நிழலின் இடது கை, கடைசியாகச் சொன்ன பொய், தும்மல், ஒரு நிறத்தின் ஞாபகம், உன் பெயரின் முதல் எழுத்து. கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: திறமையையோ மந்திரத்தையோ ஆயுதத்தையோ பிடுங்காதீர்கள். பிடுங்கினால் சிரிப்பு நின்று பேரம் தொடங்கிவிடும். கொடுத்தது அடுத்த ஒரு மணி நேரத்துக்குள் ஒருமுறையாவது கதையில் தட்டுப்பட வேண்டும். குறட்டையைக் கொடுத்தவர் தூங்கும்போது, பத்தடி தள்ளிக் கணக்கரின் பெட்டியிலிருந்து குறட்டை கேட்கும், அவ்வளவுதான்.

முதல் எழுத்துச் சீட்டுதான் இதில் ராஜா. வேலன் என்று ஒரு கதாபாத்திரம் இருந்தால், ‘வே’ போக மீதி ‘லன்’. கணக்கர் பேனாவைக் கீழே வைத்துவிடுகிறார். லகரம் மொழிமுதலில் வராது, பேரேட்டில் ஏற்ற முடியாது, பெயர் ஏறாதவர் கடக்க முடியாது. கட்டிய சுங்கமும் திரும்பாது. இங்கே பகடையைத் தொடாதீர்கள், ஆடுபவர்கள் யோசிக்கட்டும். லாபத்தை இலாபம் என்றும் லோகத்தை உலோகம் என்றும் எழுதுவது யாருக்காவது நினைவுக்கு வரும். முன்னால் ஓர் இகரம் சேர்த்தால் ‘இலன்’. கணக்கர் எழுதுகிறார், எழுதியதைப் படிக்கிறார், தலையைச் சொறிகிறார். இலன் என்றால் இல்லாதவன். இல்லாத ஆளிடம் சுங்கம் வாங்கியதாகக் கணக்கு எழுத முடியாது. ‘வே’யைத் திருப்பித் தருகிறார்.

பத்து நிமிடத்தில் யாருக்கும் பிடிபடாவிட்டால், வரிசையில் பின்னால் நிற்கும் ஓர் என்பிசி (டிஎம் ஆடும் துணைப் பாத்திரம்) தன் பெயரை “இராமன், இராமன்” என்று அழுத்திச் சொல்லட்டும். பெயர் பட்டியலை முதல் நாளே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். ‘கபிலன்’ மாதிரி பெயர் என்றால் ‘பிலன்’ என்று சாதாரணமாக ஏறிவிடும், புதிரே இருக்காது. அந்தச் சீட்டை அவருக்குப் போகாமல் பார்த்துக்கொள்வது டிஎம் சாமர்த்தியம்.

* * *

மேலே “கூட்டாகத் தோற்றால்” என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறது. அதில்தான் பாதிப்பேர் சறுக்குவது.

நாலு பேரும் ஓசைப்படாமல் கடக்க வேண்டும், தேவையான எண் 12, பகடையில் விழுவதோடு ஆளுக்கு 3 கூட்டிக்கொள்ளலாம் என்று வைத்துக்கொள்வோம். 20 முகப் பகடையில் 9 அல்லது மேல் விழ வேண்டும், 60 சதவீதம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் நாலு பேரும் ஜெயித்தால்தான் வெற்றி என்று வைத்தால் அது 13 சதவீதம். டிஎம் சுலபமானதைக் கொடுத்ததாக நினைத்திருப்பார், ஆடுபவர்கள் தொடர்ந்து மண்ணைக் கவ்வுவார்கள். யாராவது ஒருவர் ஜெயித்தால் போதும் என்றால் 97, அதற்குப் பகடை உருட்டுவதே வீண். பாதிப்பேர் ஜெயித்தால் கூட்டமே ஜெயித்தது என்பதுதான் புத்தகத்தில் உள்ள கூட்டு முயற்சி விதி. அதில் 82 வரும். கலகலப்பான ஆட்டத்துக்கு இது போதும். தோற்ற இருவரும் எப்படித் தோற்றார்கள் என்பதை அவர்களையே சொல்லச் சொல்லுங்கள், சிரிப்பு அங்கேதான் கிடைக்கும்.

* * *

குழு பிரிந்துவிட்டால்: சமையலறை டைமரில் 8 நிமிடம். மணி அடித்ததும், வாக்கியம் பாதியில் இருந்தாலும், அடுத்த பக்கத்துக்குத் தாவுங்கள். இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக ஒரு பொருள் வேண்டும், ஒரு செம்பு போதும். இந்தப் பக்கம் அதில் போட்டது அந்தப் பக்கம் வரும். மூன்றாவது சுற்றுக்குள் யாராவது தலையை விடுவார்கள், தயாராக இருங்கள்.

* * *

கதாபாத்திரங்கள் ஏழாம் லெவலைத் தொட்டிருந்தால் இவ்வளவு ஏற்பாடும் ஒரே மந்திரத்தில் கலையலாம். பேனிஷ்மென்ட் என்ற நாடுகடத்தும் மந்திரம், நாலாம் நிலை. 2014 விதிப்படி, வேற்று உலகத்து ஆள்மேல் போட்டு ஒரு நிமிடம் கவனம் சிதறாமல் பிடித்தால் அவர் சொந்த உலகத்துக்கே போய்விடுவார், திரும்பமாட்டார். ஆஸ்ட்ரல் வெளியில் நம் ஆட்கள்தான் வேற்று உலகத்தவர். ஒவ்வொருவராக வீட்டுக்கு அனுப்பிவிடலாம். 2024 திருத்தத்தில் இந்தக் கதவை மூடிவிட்டார்கள். திரும்பாமல் போவது இப்போது ஃபீண்ட், ஃபே போன்ற சில வகை உயிர்களுக்கு மட்டும்தான், மனிதர்கள் மந்திரம் முடிந்ததும் இருந்த இடத்துக்கே வந்துவிடுவார்கள். எந்தப் பதிப்பு என்பதை ஆட்டம் தொடங்குமுன் சொல்லிவிடுங்கள்.

பழைய விதியில் ஆடினால் தடுக்க வேண்டாம், பயன்படுத்திக்கொள்ளுங்கள். அந்த மந்திரத்துக்குத் தேவையான பொருள், அனுப்பப்படுகிறவருக்கு அருவருப்பான ஏதாவது ஒன்று. பொதுவாக யாரும் இதைக் கேட்பதில்லை, கையில் இருப்பதாகவே எடுத்துக்கொள்வார்கள். இந்தச் சாகசத்தில் கறாராகக் கேளுங்கள். நடுவெளியில் ஒன்றுமே விளைவதில்லை, ஆகவே ஒவ்வொரு தோழருக்கும் எது பிடிக்காது என்று கண்டுபிடித்து, அதை யாரிடமாவது பேரம் பேசி வாங்கிவர வேண்டும். சுங்கக் கணக்கரின் பெட்டியில் கிடக்கும் குறட்டை, அதே கூடாரத்தில் தூங்கியவருக்குத் தாராளமாகச் செல்லும். கடைசியில் மந்திரம் போட்டவர் தனியாக நிற்பார். தன்மேலேயே போட்டுக்கொள்ளலாமா என்ற வாதம் அப்போது கட்டாயம் வரும். முடியும், ஆனால் தனக்கே அருவருப்பான ஒன்று தன் கையில் இருக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, அவர் பைகளைத் துழாவ ஐந்து நிமிடம் கொடுங்கள்.