புதுப்பிப்பு: சர்க்கரை சேர்க்காத முந்திரிக் கத்லியும் மைசூர்பாகும்

சர்க்கரை சேர்க்காத முந்திரிக் கத்லி அசலுக்கு மிக நெருங்கி வந்தது என்றும் மைசூர்பாகு ஏமாற்றியது என்றும் முன்பு எழுதியிருந்தேன். ஏன் இவ்வளவு வேறுபாடு என்று பலர் கேட்டதால் இரண்டையும் மீண்டும் வாங்கி, இம்முறை உறையில் அச்சிட்டிருந்த சேர்மானங்களையும் படித்தேன்.

கத்லியில் இருந்தது மால்டிடால் என்ற மாற்று இனிப்பு. அது சர்க்கரையின் இனிப்பில் ஏறத்தாழ 90 விழுக்காட்டைத் தருவதோடு பாகாகவும் காய்வதால் வில்லையின் மென்மை குலையவில்லை. மைசூர்பாகிலோ எரித்ரிடால், சுக்ரலோஸ் என்ற வேறு இரண்டு மாற்று இனிப்புகள் இருந்தன. சர்க்கரையைவிட ஏறத்தாழ 600 மடங்கு இனிக்கும் சுக்ரலோஸ் மிகச் சிறிதளவே சேர்க்கப்படுவதால் அதைக்கொண்டு கம்பிப் பதம் எடுக்க இயலாது. எரித்ரிடாலோ ஆறியதும் நறநறவென்று படிகமாகி, நாக்கில் புதினாவைப் போன்ற குளிர்ச்சியை விட்டுச் செல்கிறது. நெய்யும் கடலை மாவும் மணக்க வேண்டிய பண்டத்தில் அந்தக் குளிர்ச்சிக்கு என்ன வேலை?

நீரிழிவு உள்ளவர்கள் இந்தக் கத்லியைத் தாராளமாகச் சாப்பிடலாமா என்றால், கூடாது. மால்டிடால் கிராமுக்கு 2.1 கிலோகலோரி தருகிறது. இரத்தச் சர்க்கரையையும் ஓரளவு உயர்த்துகிறது. அளவு மீறினால் வயிற்றுப்போக்கும் வரலாம். முந்திரியின் கொழுப்பு தனிக் கணக்கு. கத்லியை அளவோடு வாங்குவேன். அந்த மைசூர்பாகை இனி வாங்கப்போவதில்லை.