ரவுண்டட் சான்ஸ்-செரிஃப்: ‘உருள்முனை எழுத்துரு’ எனலாமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். செரிஃப் (எழுத்தின் கோடு முடியும் இடத்தில் ஒட்டியிருக்கும் சிறு குறுக்குக்கோடு) இல்லாமல், கோட்டின் நுனி உருண்டு முடியும் எழுத்துரு வகையே ரவுண்டட் சான்ஸ்-செரிஃப். அதற்குத் தமிழ்ப் பெயராக ‘வட்ட எழுத்துரு’, ‘நட்பெழுத்துரு’ என இதுவரை வந்த இரண்டு பரிந்துரைகளையும் என்னால் ஏற்க இயலவில்லை. ‘உருள்முனை எழுத்துரு’ என்பதை முன்மொழிகிறேன்.

இவ்வகையின் அடையாளம் கோடு முடியும் இடத்தில் இருக்கிறதே தவிர, எழுத்தின் உடல் வட்டமாக இருப்பதில் இல்லை. ஃபியூச்சுரா என்னும் எழுத்துருவில் ஆங்கில ‘ஓ’ ஏறத்தாழ முழு வட்டம். ஆயினும் அதன் கோடுகள் நறுக்கிவிட்டாற்போல் முடிவதால் அதை எவரும் இவ்வகையில் சேர்ப்பதில்லை. இதைவிடத் தெளிவான சான்று நுனிட்டோ. வெர்னன் ஆடம்ஸ் வரைந்த அந்த எழுத்துருவில் கோடுகளின் நுனி உருண்டு முடிகிறது. அதையே அடிப்படையாகக் கொண்டு, நுனிகளைத் தட்டையாக்கிப் பின்னர் உருவானதே நுனிட்டோ சான்ஸ். இரண்டிலும் ஆங்கிலப் பெரிய ‘எச்’ எழுத்தைப் பெரிதாக்கி அருகருகே வைத்துப் பார்த்தால், நான்கு நுனிகளைத் தவிர வேறெங்கும் கண் நிற்பதில்லை. ஆகவே பெயரில் ‘முனை’ இருந்தே தீர வேண்டும்.

‘வட்டம்’ தமிழில் வேறொரு சிக்கலையும் தருகிறது. பாண்டிய நாட்டிலும் சேர நாட்டிலும் கல்வெட்டுகளில் வழங்கிய வட்டெழுத்து என்னும் பழைய எழுத்துமுறையோடு அது குழம்பும். அதோடு, ண, ழ, இ போன்று சுழியும் வளைவுமாக உள்ள நம் எழுத்துகளில் வட்டம் என்பது எதையும் பிரித்துக் காட்டாது. எழுத்துரு வடிவமைப்பாளர்களான ஏக் டைப் குழுவினரின் பலூ தம்பி என்னும் தமிழ் எழுத்துருவில் ‘ட’, ‘ப’ ஆகியவற்றைப் பாருங்கள்: நேர்கோடுகள் திறந்த வெளியில் முடியும் அவ்விடங்களில்தான் உருட்டல் முழுமையாகத் தெரிகிறது. கோடு தடித்தால் நுனி இன்னும் அழகாகிறது, ஆனால் ‘ண’வின் சுழிகளுக்குள் இருக்கும் வெளி அடைபடத் தொடங்குகிறது. எனவே தலைப்பு, கடைப்பலகை, சிறுவர் நூலின் அட்டை, செயலியின் பொத்தான் ஆகியவற்றுக்கு இது மிகப் பொருந்தும்; நெடிய கட்டுரையின் உடற்பகுதிக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். சிறிய அளவில் அந்த அரைவட்டம் திரையின் சில படப்புள்ளிகளுக்குள் (பிக்சல்) கரைந்துவிடுவதால், அங்கே அதனால் பயனும் இல்லை.

‘நட்பு’ என்பது பார்ப்பவர் மனத்தில் எழும் விளைவு. அதைக் கலைச்சொல்லில் ஏற்றக் கூடாது. 1979-இல் ஃபோக்ஸ்வாகன் நிறுவனத்துக்காக உருவான வாக் ரவுண்டட் என்னும் உருள்முனை எழுத்துரு, பின்னாளில் ஆப்பிள் விசைப்பலகைகளில் பல்லாண்டு இடம்பெற்றது. வாகன விற்பனையகப் பலகையிலும் விசையின் மேலும் அது செய்த பணி வெவ்வேறு. முனை மட்டும் மாறவில்லை.

‘மழுங்குமுனை’ என்றால் கத்தி கெட்டுப்போனது நினைவுக்கு வரும். ‘வளைமுனை’ என்றால் ‘ழ’வின் வால் போன்ற கொக்கியைத்தான் படிப்பவர் எண்ணுவார். மேசையின் ஓரத்தை உருட்டிவிடச் சொல்லும்போது நாம் கருதும் பொருளே இங்கும் வேண்டியது. அதனால் ‘உருள்’ பொருந்துகிறது. புணர்ச்சிப்படி ‘உருண்முனை’ என்றாக வேண்டும் என்பதை அறிவேன். எனினும் தேடுவோர்க்கும் கற்போர்க்கும் எளிதாக இருக்கப் ‘உருள்முனை’ என்ற புணராத வடிவையே வைத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து.

கூப்பர் பிளாக் போலச் செரிஃபும் உருண்ட முனையும் சேர்ந்த எழுத்துருக்கள் இருப்பதால், ‘உருள்முனை’யைப் பொது அடையாகக் கொண்டு, இவ்வகையை முழுமையாகச் சுட்ட வேண்டிய இடத்தில் ‘செரிஃபிலா உருள்முனை எழுத்துரு’ என்று எழுதலாம். மாற்றுக் கருத்துடையோர் தமிழ் எழுத்துகளையே எடுத்துக்காட்டாக வைத்து மறுத்தால் மகிழ்வேன்.

அன்புடன்.