நீதிபதி தேர்தலில் நிற்கும் தமிழ் வழக்கறிஞருக்கு நிதி கொடுக்கலாமா?

கரிசல்மண்:

வணக்கம். டெக்சாஸ் மாநிலத்தின் ஃபோர்ட் பெண்ட் கவுன்டியில் (நம்மூர் மாவட்டம் போன்ற பிரிவு) குடியிருக்கிறோம். எனக்கு அண்மையில்தான் குடியுரிமை கிடைத்தது என்பதால், வரும் மார்ச் மாதப் பிரைமரியில்தான் (கட்சிகள் தம் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதற்கட்டத் தேர்தல்) முதன்முறையாக வாக்களிக்கப் போகிறேன். எங்கள் வட்டாரத்தில் பல ஆண்டுகளாக வழக்கறிஞர் தொழில் செய்துவரும் தமிழ்ப் பெண்மணி ஒருவர் கவுன்டி கோர்ட் அட் லா நீதிபதி பதவிக்குப் போட்டியிடுகிறார். அவருக்காக நண்பர் ஒருவர் வீட்டில் நடந்த நிதி திரட்டும் விருந்துக்குச் சென்றிருந்தேன்.

நீதிபதி என்றால் தேர்வு எழுதியோ உயர் நீதிமன்றத்தின் வழியாக நியமனம் பெற்றோ வருகிறவர் என்று மட்டுமே அறிந்து வளர்ந்த எனக்கு, துண்டறிக்கையும் கையுமாக மேசை மேசையாக வந்து ஆதரவு கேட்ட வேட்பாளரைப் பார்த்துச் சற்றுச் சங்கடமாகவே இருந்தது. வாடகைக்காரரை வெளியேற்றும் வழக்குகளில் அவருடைய நிலைப்பாடு என்ன என்று ஒருவர் கேட்டபோது, அதைப் பற்றி வாக்குறுதி தர விதிகள் அனுமதிக்கவில்லை என்று சொல்லிவிட்டு அடுத்த மேசைக்கு நகர்ந்துவிட்டார். எதையும் சொல்லாதவரை எதை வைத்து எடைபோடுவது?

இன்னொரு சிக்கலும் உண்டு. நானும் தம்பியும் நடத்தும் சிறு நிறுவனத்தின் ஒப்பந்த வழக்கு ஒன்று, அவர் போட்டியிடும் அதே நீதிமன்றத்தில் நிலுவையில் இருக்கிறது. இந்த நிலையில் நான் நிதி கொடுப்பது முறையா? கொடுப்பதாக இருந்தால் நிறுவனக் கணக்கிலிருந்து காசோலை எழுதலாமா? எச்-1பி விசாவில் இருக்கும் என் மைத்துனரும் 500 டாலர் தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டார். தமிழ்ச் சங்கத்தின் பொங்கல் விழா மேடையில் வேட்பாளரை ஆதரித்துச் சில நிமிடம் பேச வேண்டும் என்ற பேச்சும் அடிபடுகிறது. விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.

வாய்தா:

நான் இதே மாநிலத்தில் உரிமையியல் வழக்குகளை நடத்தி வருகிறேன். பொதுவாக நான் அறிந்ததைச் சொல்கிறேன். உங்கள் வழக்கைப் பற்றி உங்கள் வழக்கறிஞரிடம்தான் கேட்க வேண்டும்.

முதலில் நிறுவனக் காசோலையைத் தூக்கி வைத்துவிடுங்கள். டெக்சாஸில் கார்ப்பரேஷன்கள் வேட்பாளருக்கு நிதி கொடுப்பது தடை செய்யப்பட்டது. உங்களுடையது எல்எல்சி (வரையறுத்த பொறுப்புடைய நிறுவனம்) என்றால் அதன் உரிமை யாரிடம் இருக்கிறது என்பதைப் பொறுத்துக் கேள்விகள் எழும். கொடுப்பதாக இருந்தால் சொந்தக் கணக்கிலிருந்து, சொந்தப் பெயரில் கொடுங்கள். ரொக்கமாக வேண்டாம், ஒரு கணக்குக் காலத்தில் ஒருவரிடமிருந்து 100 டாலருக்கு மேல் ரொக்கம் பெறுவது வேட்பாளருக்கே குற்றமாகும். நீதிபதி தேர்தல்களுக்கென்று 1995-இல் தனிச் சட்டமே இயற்றி, கவுன்டியின் மக்கள்தொகையைப் பொறுத்து ஒருவர் ஒரு தேர்தலுக்குக் கொடுக்கக்கூடிய தொகைக்கு 1,000, 2,500, 5,000 டாலர் என்று வரம்பும் கட்டியிருக்கிறார்கள். இந்தப் பணத்தில் பெரும்பகுதியைக் கொடுப்பவர்கள், நாளை அதே நீதிபதியின் முன் வாதாட நிற்கப்போகும் எங்களைப் போன்ற வழக்கறிஞர்கள்தாம் என்பதை வெளியில் இருப்பவர்கள் பலர் அறிவதில்லை. உங்களுக்கு ஏற்பட்ட சங்கடம் எங்கள் தொழிலில் அன்றாடம் இருப்பதுதான்.

வேட்பாளர் நேராக வந்து நிதி கேட்கலாமா என்பதில் மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறுகிறது. ஃபுளோரிடாவில் ஹில்ஸ்பரோ கவுன்டி நீதிபதி பதவிக்கு நின்ற வழக்கறிஞர் ஒருவர், தம் கையெழுத்திட்டு நிதி கேட்டுக் கடிதம் அனுப்பியதற்காகப் பகிரங்கமாகக் கண்டிக்கப்பட்டார். அந்த வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை சென்று, மாநிலத்தின் தடை செல்லும் என்று 2015-இல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பானது. டெக்சாஸில் அப்படிப்பட்ட தடை கிடையாது. ஆகவே விருந்தில் அவரே வந்து கேட்டிருந்தாலும் அது விதிமீறல் ஆகாது.

நிலுவையில் உள்ள வழக்குக்கு வருகிறேன். நிதி கொடுத்தார் என்ற ஒரே காரணத்துக்காக நீதிபதி வழக்கிலிருந்து விலக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. மேற்கு வர்ஜீனியாவில், ஐந்து கோடி டாலர் தீர்ப்பை எதிர்த்து மேல்முறையீடு செய்யவிருந்த நிலக்கரி நிறுவனத்தின் தலைவர், 2004-இல் ஒரு வேட்பாளரை மாநில உச்ச நீதிமன்றத்துக்கு அனுப்ப ஏறத்தாழ முப்பது லட்சம் டாலர் செலவிட்டார். வென்றவர் அந்த வழக்கிலிருந்து விலக மறுத்து, நிறுவனத்துக்குச் சாதகமாகவே வாக்களித்தார். அவர் விலகியிருக்க வேண்டும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2009-இல் சொன்னது. அந்த அளவு எங்கே, உங்கள் சில நூறு டாலர் எங்கே. ஆனாலும் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் நிதிக் கணக்கு அறிக்கையை எடுத்துப் பார்ப்பார். அது பொது ஆவணம். அதில் உங்கள் பெயர் இருந்தால், நாளை நியாயமாகவே நீங்கள் வென்றாலும் அதன்மேல் ஒரு நிழல் விழும். வழக்கு முடியும் வரை பணத்தைப் பையிலேயே வைத்திருங்கள் என்றுதான் என் கட்சிக்காரராக இருந்தால் சொல்வேன். வாக்களிக்க அதெல்லாம் தடையே இல்லை.

அக்கரைச்சீமை:

மைத்துனரின் 500 டாலரைப் பற்றி யாரும் அழுத்திச் சொல்வதில்லை என்பதால் எழுதுகிறேன். குடியுரிமையோ கிரீன் கார்டோ இல்லாதவர் அமெரிக்காவில் எந்தத் தேர்தலுக்கும், அது அதிபர் தேர்தலானாலும் உள்ளூர்ப் பள்ளி வாரியத் தேர்தலானாலும், நிதி கொடுக்கக் கூடாது என்பது கூட்டாட்சிச் சட்டம். எச்-1பி விசாவில் இருப்பவருக்கும் இது பொருந்தும். அவர் கொடுக்க நினைத்ததை உங்கள் பெயரில் நீங்கள் கொடுப்பதும் தவறுதான். கொடுத்தவர், வாங்கியவர் இருவரும் மாட்டுவார்கள். குடியேற்ற விண்ணப்பம் நிலுவையில் உள்ளவருக்கு இந்த வம்பு எதற்கு? ஊதியமின்றித் தொண்டராக வீடு வீடாகச் சென்று துண்டறிக்கை கொடுப்பதற்கு அவருக்குத் தடையில்லை.

சங்கம் 501 சி 3 என்ற, அறப்பணி அமைப்புகளுக்கான வரிவிலக்குப் பிரிவில் பதிவு பெற்றதென்றால் மேடையில் ஒரு வேட்பாளரை ஆதரித்துப் பேசவிடக் கூடாது; வரிவிலக்கே பறிபோகலாம். அந்தப் பதவிக்குப் போட்டியிடும் அனைவரையும் ஒரே மேடைக்கு அழைத்துச் சமமாக நேரம் கொடுத்தால் அது வேறு. சங்கத்தின் மின்னஞ்சல் பட்டியலைப் பிரச்சாரத்துக்குத் தூக்கிக் கொடுப்பதும் இதே வகைதான்; செயற்குழுவில் யாராவது இதை எடுத்துச் சொல்லுங்கள்.

வீட்டு வாசலில் பிரச்சாரப் பலகை நடலாம். தேர்தலுக்கு முந்தைய 90 நாட்களில் குடியிருப்புப் பகுதியின் வீட்டு உரிமையாளர் சங்கம் அதைத் தடுக்க முடியாது. அந்தப் பலகையை ஒருமுறை உற்றுப் பாருங்கள்: பதவியில் இல்லாத வேட்பாளர் என்றால் ‘ஜட்ஜ்’ என்பதற்கு முன் ‘ஃபார்’ என்று, பதவிப் பெயரின் எழுத்தில் பாதிக்குக் குறையாத அளவில் அச்சிட்டிருக்க வேண்டும். ஏற்கெனவே நீதிபதியாக இருப்பவர் போல மக்கள் மயங்கிவிடக் கூடாது என்பதற்காகத்தான் இந்த விதி.

தராசுமுள்:

எல்லோரும் விதிகளையே பேசுகிறீர்கள். நீதிபதியைக் கட்சிச் சின்னத்தின் கீழ் தேர்ந்தெடுக்கும் இந்த முறையே கோளாறானது என்பது என் கருத்து. ஹாரிஸ் கவுன்டியில் 2018-இல் தேர்தலைச் சந்தித்த குடியரசுக் கட்சி நீதிபதிகள் 59 பேரும் ஒரே இரவில் தோற்றார்கள். அந்த 59 பேரும் மோசமான நீதிபதிகளா? தோற்கடித்தவர்கள் அனைவரும் சிறந்தவர்களா? அப்போது ஒரே பொத்தானில் முழுக் கட்சிக்கும் வாக்களிக்கும் வசதி இருந்தது. 2020-இல் அதை எடுத்துவிட்டார்கள். ஆனாலும் நீதிபதிகள் பகுதிக்கு வந்ததும், பெயர் எதுவும் தெரியாமல், அடைப்புக்குறிக்குள் இருக்கும் கட்சியைப் பார்த்தே பெரும்பாலோர் அழுத்திக்கொண்டு போகிறார்கள். வாலஸ் ஜெஃபர்சன், நேதன் ஹெக்ட் என்று இந்த மாநிலத்தின் தலைமை நீதிபதிகளே அடுத்தடுத்துச் சட்டமன்றத்தில் இதைக் குறை கூறியிருக்கிறார்கள். விஸ்கான்சினில் கட்சிப் பெயர் வாக்குச்சீட்டில் இல்லை. ஆனாலும் 2025-இல் மாநில உச்ச நீதிமன்றத்தின் ஒற்றை இடத்துக்காகக் கோடி கோடியாகக் கொட்டினார்கள்.

தமிழர் என்பதற்காக வாக்களிப்பதும் கட்சியைப் பார்த்து அழுத்துவதும் ஒரே தட்டில் வைக்க வேண்டியவைதான்.

வாய்தா:

கடைசி வரியை ஒத்துக்கொள்கிறேன், மற்றதில் பாதியைத்தான். நியமனம் என்றால் மட்டும் அரசியல் இல்லையா? இங்கு மாவட்ட நீதிமன்றத்தில் இடையில் காலியிடம் விழுந்தால் ஆளுநர் நிரப்புகிறார். கவுன்டி கோர்ட் அட் லா என்றால் கவுன்டியின் ஆணையர்கள் நிரப்புகிறார்கள். அங்கே அழைப்பு யாருக்குப் போகும் என்பது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. காசர்கோட்டில் பீடி சுற்றி, படித்து வழக்கறிஞராகி, பிறகு ஹூஸ்டனில் மீண்டும் சட்டம் படித்த சுரேந்திரன் பட்டேல், நியமனத்துக்குக் காத்திருந்தால் நீதிபதி ஆகியிருப்பாரா என்பது ஐயமே. அவர் 2022-இல் தம் கட்சியின் பிரைமரியிலேயே பதவியில் இருந்த நீதிபதியை வென்றுதான் இதே ஃபோர்ட் பெண்டின் 240-ஆவது மாவட்ட நீதிமன்றத்துக்கு வந்தார். பணமும் கட்சியும் நீதிபதியின் மேல் ஏறி உட்காராமல் எப்படிப் பார்த்துக்கொள்வது என்பதுதான் எனக்குப் பெரிய கேள்வி. தேர்தலா நியமனமா என்பது அதற்கு அடுத்ததுதான்.

கரிசல்மண்:

நன்றி. நிதி கொடுப்பதை ஒத்திவைக்கிறேன், மைத்துனரிடமும் சொல்லிவிட்டேன். ஆனால் என் முதல் கேள்வி அப்படியே நிற்கிறது. நிலைப்பாடு சொல்ல முடியாதவரை வாக்காளர் எப்படி மதிப்பிடுவது?

தாழ்வாரம்:

நான் பல ஆண்டுகள் இங்கு நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றியவன் என்பதால் இதற்குப் பதில் சொல்ல முயல்கிறேன்.

அவர் சொல்ல மறுத்தது அவருக்கு நல்ல மதிப்பெண். சர்ச்சைக்குரிய சட்டப் பிரச்சினைகளில் தம் கருத்தைக் கூற நீதிபதி வேட்பாளருக்கு உரிமை உண்டு என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2002-இல் மினசோட்டா வழக்கில் தீர்ப்பளித்துவிட்டது. ஆனால் ‘இப்படிப்பட்ட வழக்கு வந்தால் இப்படித்தான் தீர்ப்பளிப்பேன்’ என்று உறுதி கூறுவதை டெக்சாஸின் நடத்தை விதிகள் இன்றும் தடுக்கின்றன. அந்த வேறுபாடு தெரிந்துதான் அவர் வாய்மூடியிருக்கிறார். வீட்டு உரிமையாளர்கள் நிறைந்த ஒரு விருந்தில், கேட்டவருக்குப் பிடித்த பதிலைச் சொல்லிக் கைதட்டு வாங்குவது எளிது.

நிலைப்பாட்டை விட்டுவிட்டு வேலையைக் கேளுங்கள். அந்த நீதிமன்றத்துக்குச் சிறிய குற்ற வழக்குகள், ஒப்பந்தத் தகராறுகள், சிறு வழக்குகளை விசாரிக்கும் ஜஸ்டிஸ் ஆஃப் தி பீஸ் நீதிமன்றத்திலிருந்து மேல்முறையீடாக வரும் வெளியேற்ற வழக்குகள் என எல்லாம் வரும். ஜூரி முன் எத்தனை வழக்கை முழுமையாக நடத்தியிருக்கிறீர்கள், குற்ற வழக்கில் அரசுத் தரப்பா எதிர்த்தரப்பா, தேங்கிய வழக்குகளை எப்படி நகர்த்துவீர்கள் என்று கேட்டால், அவர் தாராளமாகப் பதில் சொல்லலாம்; சொல்லத் திணறினால் அதுவே ஒரு பதில். ஹூஸ்டன் வழக்கறிஞர் சங்கம் போன்றவை நீதிபதி வேட்பாளர்களைப் பற்றித் தம் உறுப்பினர்களிடம் வாக்கெடுப்பு நடத்தி வெளியிடுகின்றன. பெரிய அலுவலகங்களின் கூட்டு வாக்கு அதில் கலந்திருக்கும் என்பதால் நான் அதைப் பாதி எடைக்கே எடுத்துக்கொள்வேன்.

எல்லாவற்றையும்விட, ஒரு காலைப்பொழுது அந்த நீதிமன்றத்தின் பின்வரிசையில் போய் உட்காருங்கள். யார் வேண்டுமானாலும் உட்காரலாம். பெயர்ப்பட்டியல் வாசிக்கும் வேளையில் கோட்டு அணிந்த வழக்கறிஞர்கள் முன்னால் குவிந்து நிற்பார்கள். கையில் ஒரு மஞ்சள் உறையுடன், வழக்கறிஞர் வைத்துக்கொள்ள வசதியில்லாத ஒருவர் கடைசியில் நிற்பார். இப்போது பதவியில் இருக்கும் நீதிபதி அவரிடம் ‘அடுத்த தேதி’ என்று மட்டும் சொல்லி அனுப்புகிறாரா, அடுத்து என்ன நடக்கும் என்று இரண்டு வாக்கியம் விளக்குகிறாரா என்று பாருங்கள். பிறகு உங்கள் வேட்பாளருக்கு வழக்கு இருக்கும் நாளில் போய், அவர் எதிர்த்தரப்பு இளம் வழக்கறிஞரிடமும் எழுத்தரிடமும் எப்படிப் பேசுகிறார் என்று கவனியுங்கள். அதிகாரம் இல்லாத இடத்தில் எரிந்து விழுகிறவர், மேலங்கி போட்டதும் பொறுமைசாலியாக மாறி நான் பார்த்ததில்லை.

இன்னொன்று. இங்கு ‘கவுன்டி ஜட்ஜ்’ என்ற பதவியும் வாக்குச்சீட்டில் வரலாம். அது முதன்மையாகக் கவுன்டி நிர்வாகத்தின் தலைமைப் பதவி, வழக்கறிஞராக இருக்க வேண்டியதுகூட இல்லை. உங்கள் வேட்பாளரின் பதவியோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். பிரைமரியில் யாருக்கும் பாதிக்கு மேல் வாக்குக் கிடைக்காவிட்டால் மே மாதம் முதல் இருவருக்குள் மறுபோட்டி நடக்கும். அதற்கு வருகிறவர்கள் மிகக் குறைவு என்பதால் ஒவ்வொரு வாக்கும் கனம் கூடியது.

குடியுரிமை பெற்ற பிறகு வாக்காளராகப் பதிவு செய்துவிட்டீர்களா? டெக்சாஸில் புதிதாகப் பதிவு செய்பவர் பொதுவாக இணையத்தில் முடித்துவிட முடியாது. படிவத்தை அச்சிட்டுக் கையெழுத்திட்டுக் கவுன்டி அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும், தேர்தலுக்கு 30 நாட்களுக்கு முன்பே.