பிராம்ப்ட்டில் டாலர் குறி மட்டும் போதாதா?

வெறும்டாலர்:
நேற்று ஒரு நண்பரின் டெர்மினலை, கட்டளை அடிக்கும் ஜன்னலைப் பார்த்தேன். கட்டளைக்கு முன்னால் வந்து நிற்கும் பிராம்ப்ட்டே இரண்டு வரி: மணி, பேட்டரி, கிட் (கோட் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கருவி) கிளை, நாலு நிறம். ஒவ்வொரு என்டருக்கும் கிட் ஸ்டேட்டஸ் ஓடுகிறது. பெரிய ரெப்போவில் (கிட் பார்த்துக்கொள்ளும் கோட் தொகுப்பு) கர்சர் வருவதற்குள் பொறுமை போய்விடுகிறது. கட்டளை அடிக்க வந்தோமா, வேடிக்கை பார்க்க வந்தோமா?

கருந்திரை:
பேட்டரி வேண்டாம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எந்த மெஷினில் இருக்கிறோம் என்று காட்டும் ஹோஸ்ட்நேம்? எனக்கும் ஒரு காலத்தில் வெறும் டாலர்தான். டெஸ்ட் சர்வர் என்று நினைத்து, நிஜமாக ஓடிக்கொண்டிருந்த ப்ரொடக்‌ஷனில் ஒரு டைரக்டரியையே ஆர்எம் (அழிக்கும் கட்டளை) போட்டுத் தூக்கிவிட்டேன். இரண்டு ஜன்னலும் ஒரே மாதிரி இருந்தன. ராத்திரி முழுக்க பேக்கப்போடு மல்லுக்கட்டினேன். இப்போது ப்ரொடக்‌ஷன் என்றால் பிஎஸ்1 (பிராம்ப்ட் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லும் அமைப்பு) சிவப்பு.

வெறும்டாலர்:
சிவப்பும் நாலு நாளில் பழகிவிடும். அப்புறம், நிறம் போடுகிற பலர் நிறத்தை மாற்றும் எஸ்கேப் குறிகளின் இரு பக்கமும் பின்சாய்கோடும் சதுர அடைப்பும் போடுவதில்லை. பாஷ் (கட்டளையை வாங்கி ஓட்டும் ஷெல்) திரையில் தெரியாத அவற்றையும் எழுத்தாக எண்ணி அகலத்தைத் தப்பாகக் கணக்கிடும். நீளமாக அடித்தால் அதே வரியின் மேலேயே எழுதும். உடனே ‘பாஷில் பக்’ என்று வந்து நிற்பார்கள்.

மேல்அம்பு:
பிராம்ப்ட்டை விடுங்கள், ஹிஸ்டரியை, அடித்த கட்டளைகளின் பதிவைப் பாருங்கள். நாம் எதுவும் மாற்றாவிட்டால் பாஷ் வைத்திருப்பது 500 கட்டளைதான். இரண்டு டெர்மினல் திறந்திருந்தால் கடைசியாக மூடியது மற்றதன் வரிகளை அழித்து எழுதிவிடும். அழிக்காமல் கடைசியில் சேர்க்கும் ஹிஸ்ட்அப்பெண்ட் போட்டேன், அளவைச் சொல்லும் ஹிஸ்ட்சைஸையும் ஹிஸ்ட்ஃபைல்சைஸையும் லட்சமாக்கினேன். எப்போதோ அடித்த எஃப்எஃப்எம்பெக் (வீடியோ மாற்றும் கருவி) வரிகூட, ஹிஸ்டரியில் தேடும் கண்ட்ரோல்-ஆரில் வந்து நிற்கிறது.

கருந்திரை:
உபுண்டு லினக்ஸின் பாஷ்ஆர்சியில் (பாஷின் அமைப்புக் கோப்பு) ஹிஸ்ட்அப்பெண்ட் ஏற்கெனவே இருக்கிறது. அளவுதான் 1000.

வெறும்டாலர்:
அந்த லட்சம் வரியில் எத்தனை பாஸ்வேர்ட் கிடக்கிறது?

மேல்அம்பு:
அதற்குத்தான் ஹிஸ்ட்கண்ட்ரோலில் இக்னோர்ஸ்பேஸ். முன்னால் ஒரு ஸ்பேஸ் விட்டு அடித்தால் பதியாது.

வெறும்டாலர்:
ஸ்பேஸ் விட ஞாபகம் இருக்கிறவன் பாஸ்வேர்டை அங்கே அடிக்கவே மாட்டான்.

கருந்திரை:
ஒன்றை மறைத்துவிட்டேன். அந்த ஆர்எம்மை அன்று நான் அடிக்கவில்லை. பல மாதம் முன்பு அதே சர்வரில் அடித்தது. கண்ட்ரோல்-ஆர், மூன்று எழுத்து, பார்க்காமல் என்டர்.

மேல்அம்பு:
ஹிஸ்ட்இக்னோரில் ஆர்எம், ஒரு ஸ்பேஸ், நட்சத்திரக்குறி சேருங்கள். அந்த வரி ஹிஸ்டரியில் ஏறவே ஏறாது.

வெறும்டாலர்:
சரி, அதை நானும் சேர்க்கிறேன். ஹோஸ்ட்நேமும். நிறம் மட்டும் கேட்காதீர்கள்.