காரவன் இழுக்க எந்த ஹிட்ச் நல்லது?

வெள்ளவத்தை: பிள்ளைகளோடு நுவரெலியா போக ஹைலக்ஸ் பிக்கப்பில் காரவன் (படுக்கை, சமையல் வசதியுள்ள இழுவை வண்டி) இழுக்க இருக்கிறேன். சாமான் ஏற்றினால் 1,500 கிலோ வரும், கொளுவியதும் பின்பக்கம் பதிந்து முன்பக்கம் தூக்குகிறது. பாரத்தைப் பகிரும் ஹிட்ச் (வாகனத்தோடு காரவனைக் கொளுவும் இணைப்பு) வாங்கலாமா? எத்தனை கிலோவுக்கு?

தெகிவளை: தம்பி, முன் சில்லில் பாரம் குறைந்தால் ஸ்டியரிங்கும் பிரேக்கும் சரியாகப் பிடிக்காது, கடுகண்ணாவ மலைப்பாதை வளைவில் அது விளையாட்டில்லை. அந்த ஹிட்ச்சின் ஸ்பிரிங் கம்பிகள் பின் அச்சில் விழும் பாரத்தில் ஒரு பங்கை முன் அச்சுக்கும் காரவன் அச்சுக்கும் தள்ளும். கம்பியை மொத்த எடைக்கு எடுக்காதீர்கள், கொளுக்கியில் அமரும் எடைக்கு எடுங்கள். அது மொத்தத்தில் 10 முதல் 15 வீதம், உங்களுக்கு 150 முதல் 225 கிலோ. தண்ணீர்த் தாங்கி, காஸ் சிலிண்டர், உடுப்பு எல்லாம் ஏற்றிய பிறகே அந்த எடையை நிறுத்துப் பாருங்கள். அளவுக்கு மிஞ்சி இறுக்கமான கம்பியும் கூடாது, காரவனின் இரும்புச் சட்டகம்தான் அடிவாங்கும்.

கொட்டாஞ்சேனை: அண்ணா சொன்னது சரி. அதோடு காரவன் முன்னால் தள்ளும் விசையில் தானாகப் பிடிக்கும் பிரேக் அதில் இருந்தால் எல்லா ஹிட்ச்சும் ஒத்துவராது, தயாரிப்பாளரின் கையேட்டைப் பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள். ஹைலக்ஸின் இழுவை எல்லை இதனால் ஒரு கிலோவும் அதிகரிக்காது.

வெள்ளவத்தை: நன்றி. பூட்டினது சரியா என்று எப்படித் தெரியும்?

தெகிவளை: ஹைலக்ஸின் முன் மட்கார்ட் விளிம்புக்கும் நிலத்துக்கும் உள்ள உயரத்தைக் கொளுவ முன் அளந்து வையுங்கள். கொளுவினால் உயரும், கம்பியை இறுக்க இறங்கும். எவ்வளவு இறங்க வேண்டும் என்று வாகனக் கையேட்டிலோ ஹிட்ச் கையேட்டிலோ பாருங்கள்.